எறும்பைக் கொன்றால் பாவமா?

விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளித்து, அரிசி மாவால் கோலம் போடுகிறோம். ஏன் அரிசி மாவு என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட ‘டாண்’ என்று பதில் சொல்லும்... ‘எறும்பு சாப்பிடறதுக்கு!’

அப்படியே நாலு எட்டு வைத்து அடுக்களைக்கு வாருங்கள். சர்க்கரை டப்பா இருக்கும் அலமாரியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதுவும் பார்ப்பதற்கு மாவு மாதிரிதான் இருக்கிறது. ஆனால், அது விஷம். எறும்பு சாக வேண்டும் என்பதற்காகவே போட்ட கோடு. வாசலில் கோலம் போட்ட அதே கைதான் இந்தக் கோட்டையும் போட்டிருக்கிறது!

வாசலில் விருந்து, அடுக்களையில் விஷம். இது என்ன நியாயம் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

யோசிக்க வைத்தது ஒரு வாசகியின் கடிதம். அவருக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. தூளியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுராத்திரியில் வீறிட்டு அழுதிருக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் எறும்புகள். கடைவாயில் வழிந்த பாலின் வாசனைக்கு வந்தவை. பதறிப்போன அந்தத் தாய், உத்தரத்திலிருந்து சுவரோரம் வரை மருந்து போட்டுவிட்டார். காலையில் பெருக்கி அள்ளியபோது முறத்தில் ஒரு கைப்பிடி எறும்பு. கடித்த சிவப்பு எறும்புகளோடு, ஒரு பாவமும் அறியாத கறுப்பு எறும்புகளும் செத்துக் கிடந்தன. நாம் ‘பிள்ளையார் எறும்பு’ என்று சொல்வோமே, அவைதான். போதாததற்கு அன்றைக்கு சங்கடஹர சதுர்த்தி.

இரண்டு நாள் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல். ‘பிள்ளையார் எறும்பைக் கொன்னா சும்மா விடுமா?’ என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். காய்ச்சல் மூன்றே நாளில் இறங்கிவிட்டதாம். அந்தச் சொல்தான் இறங்கவில்லை. ‘நான் செய்தது பாவமா? பாவம் என்றால், அதற்கு என்ன பரிகாரம்?’ என்று கேட்டு எழுதியிருந்தார்.

‘அதெல்லாம் ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள்’ என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடலாம். ‘இந்தக் கோயிலில் இத்தனை விளக்கு ஏற்றுங்கள்’ என்றும் சொல்லலாம். அந்தத் தாய்க்கு இரண்டுமே பதில் ஆகாது. அவர் விளக்கின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை, நியாயத்தைக் கேட்கிறார். ஆகவே, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில், இந்தப் பிள்ளையார் எறும்பு விஷயம். நம் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற முதல் தர்ம சாஸ்திரமே இதுதான். ‘கறுப்பு எறும்பு சாமி எறும்பு, அதைக் கொல்லாதே. சிவப்பு எறும்பு கடிக்கும், நசுக்கிடு!’ இதற்குப் புராணத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. கடிக்காததற்கு சாமி பெயரை வைத்துக் காப்பாற்றினார்கள், கடிப்பதை விட்டுவிட்டார்கள். நம் சௌகரியத்துக்காக நாமே போட்டுக்கொண்ட பிரிவினை அது. ஆனாலும், அதில் ஓர் அழகு இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் உயிரைக் காப்பாற்றவும் ஒரு தெய்வத்தின் பெயர் தேவைப்படும் என்று யாரோ ஒரு பாட்டிக்குத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்!

எறும்புக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் திருத்தலமே நம்மிடம் உண்டு. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் உள்ள திருவெறும்பூர். தேவாரத்தில் திருஎறும்பியூர். அப்பர் பெருமான் பாடிய தலம். சிறு குன்றின் மேல் கற்றளியாக நிற்கும் இந்தச் சோழர் காலக் கோயில், இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுவாமியின் திருநாமமே எறும்பீஸ்வரர்! வடமொழியில் பிபீலிகேஸ்வரர். ‘பிபீலிகம்’ என்றாலும் எறும்புதான்.

தாரகாசுரனின் கொடுமை தாங்காமல் தேவர்கள் பிரம்மனிடம் முறையிட்டார்கள். ‘பூவுலகில் சிவனைப் பூஜியுங்கள்’ என்று வழிகாட்டினார் பிரம்மன். அசுரன் கண்ணில் படாமல் பூஜிப்பது எப்படி? யாரும் ஏறிட்டும் பார்க்காத உருவம் ஒன்று வேண்டும். எறும்பாக மாறி, ஊர்ந்து வந்தார்கள் தேவர்கள். ஆனால், லிங்கத்தின் மேல் எண்ணெய்ப் பசை. ஏற ஏற வழுக்கியது. அவர்களின் தவிப்பைக் கண்ட ஈசன், தன்னையே மண் புற்றாக்கிக்கொண்டு, அவர்கள் ஏறி மலர் சாத்துவதற்கு வசதியாகச் சற்றுச் சாய்ந்தும் கொடுத்தாராம். மூலவர் இப்போதும் புற்றுமண் திருமேனியாக, சற்றே சாய்ந்த கோலத்தில்தான் காட்சி தருகிறார். மண் கரைந்துவிடும் என்பதால், தண்ணீர் அபிஷேகம் கிடையாது.

இந்தக் கதையில் எறும்பு பெரிதாகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு இறக்கை முளைக்கவில்லை, பலம் வரவில்லை. எறும்பு எறும்பாகவே இருக்கிறது. அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டவர் ஈசன்தான்.

‘ஆகவே, எறும்பைக் கொல்லாதீர்கள்’ என்று இங்கேயே முடித்துவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். ஆனால், அந்தத் தாய்க்கு அது உதவாது. அவருடைய குழந்தையின் காது மடலில் ஏறியவை எறும்பு வேடமிட்ட தேவர்கள் அல்ல, நிஜ எறும்புகள்!

இல்லறத்தில் இருக்கும் ஒருவர், ஓர் உயிரையும் கொல்லாமல் வாழ முடியுமா? முடியாது என்று நம் முன்னோர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வியப்பாக இருக்கலாம். மனு ஸ்மிருதியில் இப்படி ஒரு கணக்கு வருகிறது. (அந்த நூலில் இன்று நாம் ஏற்க முடியாதவை ஏராளம். இந்தக் கணக்கு மட்டும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.) ஒரு வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருக்கின்றனவாம். என்னென்ன தெரியுமா? அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம்! இவற்றுக்கு ‘பஞ்ச சூனை’ என்று பெயர். விறகோடு சேர்ந்து எரிகிற பூச்சி, அம்மியில் அரைபடுகிற புழு, துடைப்பத்தில் அடிபடுகிற எறும்பு, உரலில் இடிபடுவது, குடத்தின் அடியில் நசுங்குவது... இவையெல்லாம் தினமும் நடக்கும். நடக்காமல் சோறு வராது.

அம்மியும் உரலும் போய் மிக்ஸி வந்துவிட்டது; விறகு போய் கேஸ் வந்துவிட்டது. கணக்கு மாறிவிட்டதா, என்ன? அரிசியில் வண்டு வந்தால் வெயிலில் கொட்டுகிறோம். வண்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதில்லை.

கொலைக்களம் என்று சொன்னவர்கள், ‘ஆகவே, அடுப்பை அணைத்துவிடு’ என்று சொல்லவில்லை. ‘இத்தனை உயிர்களுக்கு நீ கடன்பட்டிருக்கிறாய். தினமும் அடைத்துக்கொண்டே வா’ என்றார்கள். அதற்காகச் சொன்னவைதான் ஐந்து வேள்விகள். தேவர்களுக்கு, முன்னோருக்கு, கற்பித்த ரிஷிகளுக்கு, விருந்தினருக்கு, ஐந்தாவதாக மற்ற உயிர்களுக்கு. அந்த ஐந்தாவதன் பெயர் பூத யக்ஞம். ‘பூதம்’ என்றால் இங்கே பேயல்ல; உயிரினம். காக்கைக்கும் நாய்க்கும் புழு பூச்சிக்கும் சமைத்ததில் ஒரு பங்கைத் தரையில் வைக்க வேண்டும். அதுவும் வீசி எறியக் கூடாது. மெதுவாக வைக்க வேண்டும் என்பது வரை சொல்லியிருக்கிறார்கள்.

கோலத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அரிசி மாவு நாம் எறும்புக்குக் காட்டுகிற கருணை அல்ல. ‘தர்மம் பண்ணுகிறேன்’ என்று பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. உள்ளே துடைப்பமும் அடுப்பும் பட்ட கடனுக்கு, வாசலில் கட்டுகிற தவணை அது! முதலில் கேட்டோமே, வாசலில் விருந்து, அடுக்களையில் விஷம் என்ன நியாயம் என்று... இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும்தான்.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிடலாம். ‘கொல்லாமையைத் திருவள்ளுவர் இல்லறவியலில் வைக்கவே இல்லையே! துறவறவியலில், 33-வது அதிகாரமாகத்தானே வைத்திருக்கிறார். அப்படியென்றால் குடும்பஸ்தர்களுக்கு அந்த விதி கிடையாது. கடனும் கிடையாது, தவணையும் கிடையாது.’

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே துறவறவியலில்தான் கள்ளாமையும் இருக்கிறது, வாய்மையும் இருக்கிறது. குடும்பஸ்தர்கள் திருடலாம், பொய் சொல்லலாம் என்று யாராவது சொல்வோமா? வள்ளுவரை வைத்துத் தப்பிப்பது அவ்வளவு சுலபமில்லை!

ஒரு வித்தியாசம் உண்டு. துறவிக்கு நிற்க முடியும். மழைக்காலத்தில் வழியெல்லாம் புழு பூச்சி நெளியும், காலடியில் மிதிபடும் என்பதால், சாதுர்மாஸ்யம் என்று ஓரிடத்திலேயே தங்கிவிடுவார்கள் சந்நியாசிகள். சமண முனிவர்களுக்கும் இந்த வழக்கம் உண்டு. ஐந்து மாதக் குழந்தையை வைத்திருப்பவர் எங்கே நிற்பார்? அவருடைய அடுப்பு எரிந்தாக வேண்டும். தூளி ஆடியாக வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். துறவி அதை முழுமையாகக் கடைப்பிடிக்க முயல்கிறார். இல்லறத்தார், கடைப்பிடிக்க முடியாத அளவைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

சரி, கணக்கு இருக்கட்டும். கடன் இருந்தால் தண்டனையும் இருக்குமா? எறும்பைக் கொன்றதால்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததா? அந்தத் தாயைக் குத்திக்கொண்டிருக்கும் முள் இதுதான். இதற்கு மகாபாரதத்திலேயே பதில் இருக்கிறது.

மாண்டவ்யர் என்று ஒரு ரிஷி. மௌன விரதத்தில் இருந்தார். அரண்மனையில் திருடிய கள்வர்கள் அவருடைய ஆசிரமத்தில் வந்து ஒளிந்துகொண்டார்கள். துரத்தி வந்த காவலர்கள் கேட்ட கேள்விக்கு, விரதத்தில் இருந்தவர் பதில் சொல்லவில்லை. அவரையும் கள்வர்களில் ஒருவர் என்று முடிவு கட்டிய அரசன், கழுவில் ஏற்றிவிட்டான். தவ வலிமையால் உயிர் போகவில்லை. பிறகு, அரசன் உண்மை தெரிந்து மன்னிப்புக் கேட்டு இறக்கினான். கழுவின் முனையை மட்டும் எடுக்க முடியவில்லை, அறுத்துவிட்டார்கள். உடம்பில் ஆணியோடே திரிந்ததால் ஆணி மாண்டவ்யர் ஆனார்.

அவர் நேரே தர்மதேவனிடம் போனார். ‘எந்தப் பாவத்துக்காக எனக்கு இந்தத் தண்டனை?’ என்று கேட்டார். ‘நீ பிள்ளைப் பருவத்தில் சின்னப் பூச்சிகளின் வாலில் புல்லைச் செருகி விளையாடினாய். அதற்காக’ என்று பதில் வந்தது.

மாண்டவ்யர் தலை குனிந்தாரா? இல்லை. கோபம் கொண்டார்! அறியாத வயதில் செய்த சின்னக் குற்றத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று கேட்டு, தர்மதேவனையே மனிதனாகப் பிறக்கும்படி சபித்தார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். அதோடு, ‘14 வயது வரை செய்வது எதுவும் பாவக்கணக்கில் சேராது’ என்று புதிய விதியையும் வகுத்தார்.

இந்தக் கதையைப் பூச்சிக்குத் தீங்கு செய்தால் கழுவில் ஏற நேரும் என்று பயமுறுத்துவதற்காகச் சொல்கிறவர்கள் உண்டு. கதையைப் பாதியில் நிறுத்தினால் அப்படித்தான் தோன்றும். முழுதும் கேட்டால் வேறு தெரியும். பூச்சியின் வலி கணக்கில் இருந்தது என்பது உண்மை. ஆனால், அந்த வலிக்கும் தண்டனைக்கும் பொருத்தம் இல்லாதபோது, குற்றவாளிக் கூண்டில் ஏறியது தர்மதேவன்! அறியாமல் செய்த குழந்தைக்கே தண்டனை கூடாது என்றால், எதுவுமே செய்யாத ஐந்து மாதக் குழந்தைக்குத் தாய் கொன்ற எறும்புக்காகக் காய்ச்சல் தருகிற தெய்வம் எது? அப்படி ஒரு தெய்வம் நம் புராணங்களில் இல்லை. விநாயகர் நிச்சயமாக அப்படிப்பட்டவர் இல்லை.

பெரியவர்கள் வாய் தவறி ஏதோ சொல்லிவிடுகிறார்கள். பச்சை உடம்புக்காரியின் மனதில் அது எத்தனை நாள் நிற்கும் என்று தெரிவதில்லை. எறும்பு கடித்த தடிப்பு இரண்டு நாளில் போய்விடும்.

சொல்லப்போனால், அன்றைக்கு அந்தத் தாய் சும்மா இருந்திருந்தால்தான் தவறு. வீட்டுச் சிற்றெறும்புகளில் ‘ஃபாரோ எறும்பு’ என்று ஒரு வகை உண்டு. எகிப்திய மன்னர்களின் பெயர். 1758-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் சூட்டியது. வெளிர் மஞ்சள் நிறம்; நீளம் சுமார் இரண்டு மில்லிமீட்டர். உலகம் முழுக்கப் பரவியிருக்கிற இந்த எறும்புக்கு வீட்டைவிடப் பிடித்த இடம் ஆஸ்பத்திரி! கதகதப்பு, ஈரம், கட்டுப் போட்ட புண்... எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறதே! நோய்க் கிருமிகளை இது சுமந்து திரிகிறது என்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் 1972-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. ஆகவே, எறும்பு எப்போதும் சாது என்று நினைத்துவிடக் கூடாது. கைக்குழந்தையையும் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களையும் அதனிடமிருந்து காப்பது கடமை. அதில் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு தகவலும் உண்டு. இந்த வகை எறும்புக் கூட்டில் ஒரு ராணி இல்லை, பல ராணிகள். ஸ்ப்ரே அடித்து மிரட்டினால், ஒரு கூடு பல கூடுகளாகப் பிரிந்து வீடெல்லாம் பரவிவிடும். கோபத்தில் அடிக்கிற மருந்து எறும்பைப் பெருக்கும் என்கிறது விஞ்ஞானம்!

பிறகு எப்படி ஒழிக்கிறார்கள்? இங்கேதான் மனதைப் பிசைகிற விஷயம் இருக்கிறது. இனிப்பில் கொஞ்சமாக விஷம் கலந்து வைப்பார்கள். எறும்பை உடனே கொல்லாத விஷம். இரை தேடி வருகிற எறும்புக்கு வயிற்றில் இரண்டு பை. ஒன்று தனக்கு, மற்றொன்று கூட்டுக்கு. கிடைத்ததைத் தானே விழுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற வழக்கம் அதற்குக் கிடையாது. கூட்டுக்குப் போய், எதிர்ப்பட்ட எறும்புக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டும். அது அடுத்ததற்கு. அது குஞ்சுகளுக்கு, ராணிக்கு. வெளியே வராத ராணி வரை விஷம் போய்ச் சேர்வது இப்படித்தான்.

அதாவது, அந்த மருந்து வேலை செய்வதற்குக் காரணம் எறும்பின் பேராசை அல்ல. பகிர்ந்து உண்ணும் குணம்! நாம் மேடை போட்டு உபதேசிக்கிற ஒன்றை, அது தினசரிப் பழக்கமாக வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தின் வழியாகவே அதை அழிக்கிறோம்.

மருந்து வைக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. குழந்தை இருக்கிற வீட்டில், வேறு வழி இல்லாதபோது வைக்கத்தான் வேண்டும். வைக்கும்போது, என்ன செய்கிறோம் என்பது தெரிந்திருக்கட்டும். ஒரு கரப்பான் பூச்சிக்கு இருக்கிற பயம், ஒரு பல்லிக்கு இருக்கிற அருவருப்பு எதுவும் எறும்பிடம் நமக்கு இல்லை. அதனால்தான் யோசிக்காமலேயே கட்டை விரலால் தேய்த்துவிட்டுப் போகிறோம். மேஜையில் தனியே ஓடுகிற ஒற்றை எறும்பு என்ன செய்துவிடும்? அங்கே கடமையும் இல்லை, தேவையும் இல்லை. வெறும் பழக்கம்தான். பாவம் என்று ஒன்று இருக்குமானால், அந்தக் கட்டை விரலில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. தூளிக் கயிற்றில் போட்ட மருந்தில் இல்லை.

பிரம்ம வைவர்த்த புராணத்தில் ஒரு காட்சி. இந்திரன் தன் பெருமைக்கு ஏற்ற மாளிகை கட்டச் சொல்லி விஸ்வகர்மாவைப் படாதபாடு படுத்துகிறான். கட்டக் கட்ட, ‘இன்னும் பெரிதாக’ என்கிறான். அப்போது மகாவிஷ்ணு ஒரு பாலகனாக அங்கே வருகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே தரையில் ஊர்ந்து போகும் எறும்பு வரிசையைப் பார்த்துச் சிரிக்கிறார். ‘ஏன் சிரிக்கிறாய்?’ என்று கேட்கிறான் இந்திரன். ‘இந்த வரிசையில் போகிற ஒவ்வோர் எறும்பும் முன்பு ஒரு காலத்தில் இந்திரனாக இருந்ததுதான்’ என்கிறார் பாலகன்!

வீடு கட்டுகிற இடத்தில் இந்தக் கதை நடப்பது எவ்வளவு பொருத்தம்! மனை வாங்கி, சுவர் எழுப்பி, கிரகப்பிரவேசம் செய்து, ‘என் வீட்டுக்குள் எறும்பு வந்துவிட்டது’ என்கிறோம். அஸ்திவாரம் தோண்டியபோது அங்கே யார் குடியிருந்தார்கள் என்று நாம் பார்க்கவில்லையே!

எறும்புச் சாக்பீஸைக் கடையில் ‘லட்சுமண ரேகை’ என்றே கேட்டு வாங்குகிறோம். (வால்மீகி ராமாயணத்திலும் கம்பனிலும் லட்சுமணன் கோடு போடுகிற காட்சியே கிடையாது. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.) கதையில் வரும் ரேகை, உள்ளே இருப்பவரைக் காப்பதற்காகப் போட்டது. இந்தச் சாக்பீஸில் இருப்பதோ பூச்சிக்கொல்லி. தவழ்கிற பிள்ளை அதை விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டால், ஆபத்து உள்ளே இருப்பவருக்குத்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாசகி கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

கொல்லாமல் தடுக்கிற உபாயங்கள் நம் பாட்டிகளிடம் நிறைய இருந்தன. பால் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தார்கள். பலகார அலமாரியின் நாலு கால்களுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள். எறும்பு வரிசை கட்டுவது வாசனைத் தடம் பிடித்துத்தான். ஆகவே, அது வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டாலே, பின்னால் வருபவை குழம்பிவிடும். குழந்தைக்குப் பால் புகட்டியதும் கன்னத்தையும் கழுத்து மடிப்பையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பால் பட்ட துணியைத் தூளியில் போட்டு வைக்காதீர்கள். சுவர் விரிசலை அடைத்துவிடுங்கள். இத்தனைக்கும் மசியாவிட்டால் மட்டும் மருந்து.

கடைசியாக, பரிகாரம். சனிக்கிழமையில் பச்சரிசியைப் பொடித்துப் பிள்ளையாரைச் சுற்றித் தூவினால் சனி தோஷம் விலகும் என்று சொல்வார்கள். தூவட்டும், நல்லதுதான், எறும்புக்குச் சோறு கிடைக்கிறதே! ஆனால், தோஷம் விலகுகிற வரை தூவிவிட்டு, விலகியதும் நிறுத்திவிடுவது பூத யக்ஞத்தில் சேராது. அது தினப்படிக் கணக்கு.

ஒரு சங்கடம் இருக்கிறது. இன்று கடையில் ‘கோலமாவு’ என்று விற்பது பெரும்பாலும் கல் மாவு. பளிச்சென்று விழும், நாள் முழுக்கக் கலையாமல் இருக்கும். ஏன் கலையவில்லை? எறும்பு தின்ன அதில் எதுவும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதுவும் போய், ஸ்டிக்கர் கோலம் வந்துவிட்டது. மருந்துக் கோடு மட்டும் எல்லா வீட்டிலும் தவறாமல் இருக்கிறது. செலவை எழுதிக்கொண்டே போகிறோம். வரவுப் பக்கம் காலியாகக் கிடக்கிறது.

கல் மாவுக் கோலம் போடுகிறவர்கள் போடுங்கள். முதுகு வலியோடு குனிந்து இழை இழுக்க முடியாதவர்கள் ஸ்டிக்கரே ஒட்டிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு சிட்டிகை பச்சரிசி மாவு, முடிந்தால் துளி வெல்லம். வாசற்படிக்கு வெளியே, செடித் தொட்டியின் ஓரமாக, மெதுவாக வைத்துவிட்டு வாருங்கள். ஒரு நாளுக்கு அவ்வளவு போதும். சுவரை ஒட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். மறுநாளே வரிசை கட்டி உள்ளே வந்துவிடும்!